குறை மாதக் குழந்தையைத் தொடப் பயமா?

‘பத்து மாதம் சுமந்து பெற்றேன்’ என்று பெருமையாகச் சொல்லிக் கொள்ளும் பாக்கியம் எல்லாத் தாய்மார்களுக்கும் கிடைத்து விடுவதில்லை. சிலருக்கு ஏழாம் மாதத்திலேயே, வளைகாப்பு வளையல் கையில் கலகலத்துக் கொண்டிருக்கும் போதே, இடுப்பு வலி எடுத்து விடுகிறது. கூடலூரோ, கம்பமோ, உத்தமபாளையமோ, சின்னமனூரோ, எந்த ஊராக இருந்தாலும் வண்டி பிடித்துக் கொண்டு, தேனியைத் தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே இருக்கும் இந்தக் கல்லூரி 2004ல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரைதான்.

பிள்ளை பிறந்து விடுகிறது. ஒன்றே கால் கிலோ, ஒன்றரைக் கிலோ. அழுகைச் சத்தம் கூடப் பூனைக் குட்டி போல. உடனே பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துப் போய், இன்குபேட்டரிலோ வார்மர் விளக்கின் கீழோ வைத்து விடுகிறார்கள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஓர் ஒயர். தாய் எட்டி நின்று பார்க்கிறாள். மெல்ல நர்ஸிடம் கேட்கிறாள்:

“சிஸ்டர், நான் தொட்டா பிள்ளைக்கு எதுவும் ஆயிராதே?”

வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவர் வேறு கணக்குப் போடுகிறார்: “வீட்டுக்குக் கொண்டாந்துட்டா நல்லா எண்ணெய் தேச்சு, கை காலை உருவி, சுடுதண்ணி ஊத்துனாப் பத்தே நாள்ல தேறிரும் தாயி. ஒங்க மாமனும் எட்டு மாசத்துல பெறந்தவந்தேன்!”

தொடவே பயப்படும் தாய் ஒரு பக்கம். உருவித் தேய்க்கக் காத்திருக்கும் பாட்டி மறு பக்கம். இரண்டு பேருக்கும் பிள்ளை மேல் கொள்ளைப் பாசம்தான். ஆனால் குறை மாதக் குழந்தைக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொட வேண்டும், கட்டாயம் தொட வேண்டும். ஆனால் நிறை மாதக் குழந்தையைத் தொடுவது போல அல்ல. அந்தத் தொடுகைக்கு ஒரு முறை உண்டு, நேரம் உண்டு, அளவு உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

குறை மாதம் என்றால்?

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறை மாதக் குழந்தை என்கிறார்கள். இது ஏதோ அபூர்வமாக நடப்பது என்று நினைத்து விடாதீர்கள். 2020ம் ஆண்டில் நம் நாட்டில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. ஆகவே, ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்று எந்தத் தாயும் தன்னையே நொந்து கொள்ளத் தேவையில்லை.

‘ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது’ என்று ஊர்ப் பக்கம் சொல்வார்கள். இது முழுக்கத் தப்பு. வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் அந்த ஒரு வாரத்துக்கும் லாபம் உண்டு. எட்டாம் மாதக் குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையை விட நல்ல வாய்ப்பே.

கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு சேருகிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும் பகுதி அப்போதுதான் தாயிடமிருந்து போகிறது. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யும் பழக்கம் சுமார் 34 வாரத்தில்தான் கைகூடுகிறது. முன்னதாகவே பிறந்து விட்ட குழந்தைக்கு இவையெல்லாம் பாதியில் நிற்கின்றன. தோல் மெல்லிசு. உடம்புச் சூடு சீக்கிரம் போய் விடும். எலும்பு பலமில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கருப்பையில் அது கை காலை மடக்கி, சுருண்டு கிடந்தது. எந்தப் பக்கம் அசைந்தாலும் சுவர் போல ஓர் அணைப்பு இருந்தது. காலால் உதைத்தால் எதிர்த்து நிற்க ஏதோ இருந்தது. வெளியே வந்ததும் அந்த அணைப்பு போய், தவளை போலக் கை காலைப் பரப்பிக் கொண்டு கிடக்கிறது. அதன் உடம்பில் படுகிற கைகளோ ஊசி போட, ரத்தம் எடுக்க, பிளாஸ்திரி ஒட்ட வருகிற கைகள். ‘தொட்டால் வலிக்கும்’ என்பதுதான் அந்தக் குழந்தை முதலில் கற்கும் பாடம். அந்தப் பாடத்தை மாற்றி எழுதுவது தாயின் கை.

பசு கன்றை நக்குவது ஏன்?

கன்று போட்டதும் பசு அதை விடாமல் நக்கிக் கொடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரத்தைத் துடைக்க என்று நினைப்போம். அதற்கு மேலும் காரியம் இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் என்ற விஞ்ஞானி எலிக் குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துப் பார்த்தார். வளர்ச்சிக்கான ஹார்மோன் அவற்றின் உடம்பில் குறைந்து போயிற்று. பிறகு, தாய் நாக்கால் நக்குவது போல ஈரமான பிரஷ்ஷால் அழுத்தித் தடவிக் கொடுத்தார்கள். ஹார்மோன் பழையபடி திரும்பியது!

இதை அடியொற்றி, மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்ட் என்ற பெண்மணி, குறை மாதக் குழந்தைகளிடம் செய்து பார்த்தார். அவர் குழுவின் ஆய்வு 1986ல் வெளிவந்தது. 40 குழந்தைகள். அபாய கட்டத்தைத் தாண்டி, எடை ஏற வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் இருந்தவர்கள். பாதிப் பேருக்குத் தினம் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், பத்து நாள் வரை உடம்பைத் தடவிக் கொடுத்து, கை கால்களை மென்மையாக மடக்கி நீட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தினசரி எடை 47 சதவீதம் அதிகமாக ஏறியது. ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். குடித்த பாலின் அளவில் வித்தியாசம் இல்லை என்பதுதான் வேடிக்கை.

‘அதே பால், எடை மட்டும் எப்படி ஏறும்?’ என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? தோலை ஓரளவு அழுத்தித் தடவும் போது, மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் ‘வேகஸ்’ என்ற நரம்பு தூண்டப்படுகிறது. அதனால் இரைப்பை நன்றாக அசைகிறது. குடித்த பால் வீணாகாமல் உடம்பில் ஒட்டுகிறது. குழந்தை அமைதியாகி விடுவதால் இதயத் துடிப்பும் நிதானப்படுகிறது.

நம் நாட்டிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். மும்பை டாக்டர்கள் இதே போலத் தடவுதலும் அசைத்தலும் செய்து, எடை கூடுதலாக ஏறியதை 2001ல் எழுதினார்கள். 2005ல் இன்னோர் ஆய்வு. ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெய், ஒரு பிரிவுக்கு மினரல் ஆயில், ஒரு பிரிவுக்கு வெறும் பவுடர். குறை மாதக் குழந்தைகளில் எடை வேகமாக ஏறியது தேங்காய் எண்ணெய் தடவிய பிரிவில்தான். நம் வீட்டு அடுக்களை எண்ணெய் ஜெயித்து விட்டது!

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இப்படிப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2004ல் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், சராசரி லாபம் நாளொன்றுக்குச் சுமார் 5 கிராம்தான் என்றார்கள். ஆய்வுகள் சிறியவை, நடத்திய முறையிலும் குறைகள் உண்டு என்றும் எச்சரித்தார்கள். 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் சர்க்கரை. ஆனால் ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு அது சின்ன விஷயமா? அறுபது கிலோ எடையுள்ள நமக்குத் தினம் 200 கிராம் ஏறுவது போல! ஆகவே மஸாஜ் என்பது மந்திரமல்ல. மருந்துக்கும் பாலுக்கும் பதிலும் அல்ல. அவற்றுக்குத் துணை, அவ்வளவுதான்.

முதலில் கங்காரு, பிறகுதான் கைவேலை

தடவுவதற்கு முன் படி ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்துக் கொள்வது போல, குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து வைத்துக் கொள்வது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினஸ் என்ற டாக்டர்கள் 1970களின் கடைசியில் இதை ஆரம்பித்தார்கள். இல்லாமையில் பிறந்த யோசனை, இன்று உலகமே பின்பற்றுகிற சிகிச்சையாகி விட்டது.

டெல்லி உள்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021ல் வந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே மார்போடு சேர்த்து வைத்த போது, முதல் 28 நாளில் ஏற்படும் மரணங்கள் நாலில் ஒரு பங்கு குறைந்தன. 2022ல் உலக சுகாதார நிறுவனமும், குறை மாதக் குழந்தைகளுக்கு நாளில் 8 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை இப்படி வைத்துக் கொள்ளச் சொல்லி விட்டது. மஸாஜில் கிடைப்பது கிராம் கணக்கு. கங்காருவில் கிடைப்பது உயிர்க் கணக்கு. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கங்காருவையே தேர்ந்தெடுங்கள்.

செய்யும் விதம் சுலபம். முன்புறம் திறக்கும் ரவிக்கையோ நைட்டியோ போட்டுக் கொள்ளுங்கள். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும். இரு மார்புக்கும் நடுவே நிமிர்ந்தாற்போல வையுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கட்டும்; மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழுத்து மடங்கக் கூடாது. கால்கள் தவளை போல மடங்கியிருக்கட்டும். மேலே ஒரு மெத்தென்ற துணியால் சுற்றிக் கட்டி விடுங்கள். நீங்கள் சற்றே சாய்ந்து உட்காருங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

தாய்க்கு உடம்பு முடியவில்லையா? அப்பா செய்யலாம். அப்பத்தா செய்யலாம், அம்மாச்சி செய்யலாம். ‘ஆம்பளை எப்படிம்மா?’ என்று கூச்சப்பட வேண்டாம். பெற்றவனின் மார்பிலும் சூடு இருக்கிறது.

தொடுவதற்கு முன்

மஸாஜ் ஆரம்பிக்கலாமா என்று சொல்ல வேண்டியவர் குழந்தை டாக்டர் ஒருவரே. மூச்சு சீராகி, பால் ஒத்துக் கொண்டு, எடை ஏற ஆரம்பித்த பிறகுதான் சாதாரணமாக அனுமதி தருவார்கள். ஜுரமோ, தொற்றோ, தோலில் புண்ணோ இருந்தால் கூடாது. முதல் சில நாள் நர்ஸோ, பிசியோதெரபிஸ்டோ பக்கத்தில் இருந்து சொல்லித் தர, நீங்கள் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே கை பழகி விட்டால் வீட்டில் பயமிருக்காது.

மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். வளைகாப்பு வளையலும்தான்! பிரசவம் ஆகி விட்டது, கழற்றினால் குற்றமில்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக் கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள்.

பால் குடித்த உடனே வேண்டாம், துப்பி விடும். பால் குடித்து ஒரு மணி நேரம் போகட்டும். குழந்தை விழித்து, அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். தூங்குகிற பிள்ளையை இதற்காக எழுப்பவே கூடாது. அதன் வளர்ச்சிக்குத் தூக்கமும் வேண்டும்.

எண்ணெய் கட்டாயமில்லை. டாக்டர் சம்மதித்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய் சில சொட்டு, உள்ளங்கையில் தடவிக் கொள்ளும் அளவு போதும். கடுகு எண்ணெய் வேண்டாம். அது மெல்லிய தோலின் காப்பைக் கெடுக்கும். வாசனைத் தைலம், மஞ்சள், மாவு, பவுடர் எதுவும் கூடாது.

செய்முறை

*1. கையை வைத்தல்.* ஒரு உள்ளங்கையைக் குழந்தையின் தலைமேல் தொப்பி போலக் கவிழ்த்து வையுங்கள். இன்னொரு கையால் மடங்கிய கால்களையும் பிட்டத்தையும் சேர்த்து அணைத்துக் கொள்ளுங்கள். தடவ வேண்டாம், ஆட்ட வேண்டாம், தட்ட வேண்டாம். சும்மா இரண்டு மூன்று நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கருப்பையின் அணைப்பு திரும்பக் கிடைத்தது போல் அது அடங்கும். இன்னும் தடவுவதற்குத் தயாராகாத சின்னஞ்சிறு குழந்தைக்குக் கூட இதைச் செய்ய டாக்டர்கள் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

*2. தடவுதல்.* ஆஸ்பத்திரியில், கருவிகளின் கண்காணிப்பில் இருக்கும் போது குழந்தையைக் குப்புறப் போட்டுச் செய்வார்கள். உச்சந்தலையிலிருந்து கழுத்து வரை. கழுத்திலிருந்து தோள் வரை. மேல் முதுகிலிருந்து இடுப்பு வரை. தொடையிலிருந்து பாதம் வரை. தோளிலிருந்து கை வரை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிமிடம். போய்த் திரும்பும் ஒரு தடவலுக்கு ஐந்து விநாடி என்று நிதானமாக, பன்னிரண்டு தடவல். ஆக ஐந்து இடத்துக்கு ஐந்து நிமிடம்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? இதில்தான் பலரும் தவறுகிறார்கள். இறகு போல மெதுவாகத் தடவினால் குழந்தைக்குக் கூச்சமெடுத்துத் திடுக்கிடும். பலமாக அழுத்தினால் காயம். உங்கள் கண்ணை மூடி, இமை மேல் விரலை வைத்து, உறுத்தாத அளவுக்கு அழுத்திப் பாருங்கள். அந்த அழுத்தம்தான். கம்பத்துக்காரர்களுக்குச் சொல்வதானால், பன்னீர் திராட்சை பழுத்திருக்கிறதா என்று தோல் கிழியாமல் தொட்டுப் பார்ப்போமே, அந்தப் பக்குவம்.

*3. அசைத்தல்.* இனி மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு கையை முழங்கையில் மெல்ல மடக்கி, மெல்ல நீட்டுங்கள். ஒரு தடவை மடக்கி நீட்டப் பத்து விநாடி ஆகட்டும். ஆறு தடவை செய்யுங்கள். அதே போல மறு கை, ஒரு கால், மறு கால், கடைசியில் இரு காலும் சேர்த்து. ஐந்து நிமிடத்தில் முடிந்து விடும். எவ்வளவு தூரம் தானாக நீளுகிறதோ அவ்வளவுதான். விறைத்தால் விட்டு விடுங்கள், இழுக்க வேண்டாம். அசைவுக்கு எலும்பில் பலன் உண்டு. இப்படி மென்மையாக மடக்கி நீட்டிய குறை மாதக் குழந்தைகளுக்கு எலும்புச் சத்து கூடுதலாகச் சேர்ந்ததாக 1995ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அதே எலும்பு இழுத்தால் முறியவும் கூடும். ஆகவே இந்தப் பகுதியைச் சொல்லித் தராமல் செய்யவே கூடாது.

*4.* பிறகு பழையபடி ஐந்து நிமிடம் தடவுதல். மொத்தம் 15 நிமிடம். முதல் நாளே முழுதாகச் செய்ய வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்தில் ஆரம்பித்து, குழந்தை ஏற்றுக் கொள்வதைப் பார்த்துக் கூட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு குப்புறப் போட்டுச் செய்வதை விட உங்கள் மார்பில் சாய்த்து வைத்து முதுகைத் தடவுவதே நல்லது. தூங்க வைக்கும் போது எப்போதும் மல்லாக்கத்தான்.

குழந்தை ‘போதும்’ என்கிறதா?

பேசத் தெரியாவிட்டாலும் குழந்தை சொல்லி விடும். முகத்தை வேறு பக்கம் திருப்பும். விரல்களை விசிறி போல விரிக்கும். முதுகை வில்லாக வளைக்கும். திரும்பத் திரும்பக் கொட்டாவி, விக்கல், தும்மல் வரும். தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். இவற்றில் எதைக் கண்டாலும் தடவுவதை நிறுத்தி, முதலில் சொன்னபடி கையை வைத்து அணைத்துக் கொள்ளுங்கள். அடங்காவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மாறாக, கண்ணை அகலத் திறந்து உங்களையே பார்த்தால், கையை வாயருகே கொண்டு போனால், மூச்சு நிதானமாக இருந்தால், ‘இன்னும் கொஞ்சம் செய்’ என்று அர்த்தம். இந்தப் பேச்சு புரிய ஆரம்பித்து விட்டால், பிள்ளையைத் தொட இருந்த பயம் தானே போய் விடும்.

அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது?

குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது நம் பாட்டிமார் உலகத்துக்கே தந்த கலை. பிரான்ஸ் தேசத்து டாக்டர் ஃப்ரெடரிக் லெபாயே, கல்கத்தாவில் ஓர் ஏழைத் தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு மலைத்துப் போய், 1976ல் ‘ஷாந்தலா’ என்ற அந்தத் தாயின் பெயரிலேயே புத்தகம் எழுதினார். அதைப் படித்து மேல்நாட்டுத் தாய்மார்கள் கற்றுக் கொண்டார்கள். ஆகவே பாட்டிமாரை ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஒதுக்கி விடாதீர்கள். அவர்கள் கற்ற கலை நிறை மாதக் குழந்தைக்கானது. இந்தக் குழந்தைக்கு அது இப்போதைக்கு ஆகாது. இதை மட்டும் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

“அத்தை, டாக்டரு ரெண்டரைக் கிலோ ஆகுற வரைக்கும் தண்ணி ஊத்த வேண்டாம்னுட்டாரு. அதுவரைக்கும் உங்க நெஞ்சுச் சூட்டுலதான் பிள்ளை வளரணுமாம். வெயில் எறங்குனதும் ஒரு மணி நேரம் நீங்க வச்சுக்கிறீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று தடுப்பதை விட, செய்ய ஒரு வேலை கொடுப்பது எப்போதும் பலிக்கும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை இவை:

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாயால் ஊதுவது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் ஆபத்தான நிமோனியா வரும்.

தலையை உருட்டி வடிவம் பிடிப்பது, மூக்கை நீவுவது, மார்புக் காம்பைப் பிதுக்குவது.

கையையும் எதிர்க் காலையும் குறுக்கே இழுத்துச் சேர்ப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது.

சாம்பிராணிப் புகை காட்டுவது. நிறை மாதக் குழந்தைக்கே ஆகாது. இந்த நுரையீரல் தாங்கவே தாங்காது.

விளக்கெண்ணெய், தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து புகட்டுவது. தாய்ப்பால் ஒன்றே போதும். சப்பத் தெம்பில்லாத குழந்தைக்குப் பாலைக் கறந்து, பாலாடையால் டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள்.

குளிப்பாட்டும் வரை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வோர் அங்கமாகத் துடைத்து, துடைத்த இடத்தை உடனே மூடினால் போதும். நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி வீசும் என்று சொல்லவே வேண்டாம். மார்கழிப் பனியும் அப்படியே. அந்தக் காலங்களில் துணியை அவிழ்க்கும் முன் இருமுறை யோசியுங்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் மஸாஜுக்கு விடுமுறை, உடனே கங்காரு.

வேலைக்குப் போகும் தாய்க்கு

“இதெல்லாம் வீட்ல இருக்கவுகளுக்குச் சரி. விடிய முன்னாடி ஜீப்பேறி ஏலத் தோட்டத்துக்குப் போறவ என்ன செய்வா?” என்று கேட்கும் சகோதரிகள் கம்பத்திலும் போடியிலும் நிறையப் பேர். உண்மைதான். ஆனாலும் முதல் மூன்று மாதமாவது குழந்தையோடு இருக்க வழி தேடுங்கள். அந்த மூன்று மாதம் அதற்கு உயிர் நாடி. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் நோக்கமே, பிரசவித்த ஏழைத் தாய் கூலி போய் விட்டதே என்று தவிக்கக் கூடாது என்பதுதான். உங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள். வேலைக்குத் திரும்பிய பின், இரவு முழுக்கக் குழந்தை உங்கள் அணைப்பில் இருக்கட்டும் என்று நினைப்பீர்கள். நீங்கள் விழித்திருக்கும் போது வைத்துக் கொள்ளுங்கள்; அசதியில் தூக்கம் வந்தால் விழித்திருக்கும் வேறொருவரிடம் மாற்றி விடுங்கள். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் தடவினாலும் அது கணக்கில் சேரும்.

வீட்டுக்கு வந்த பின்பும் மறக்கக் கூடாதவை

ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியில் தவறாமல் எடை போடக் கொண்டு போங்கள். கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வரை தினமும் ஏற வேண்டும். ஒன்றரைக் கிலோக் குழந்தை என்றால் நாளுக்கு 20 லிருந்து 30 கிராம்.

இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ, 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் கண்ணின் விழித்திரையைச் சோதித்து விட வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. வெளியே பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். உள்ளே பார்வை போய்க் கொண்டிருக்கலாம். நேரத்தில் கண்டால் காப்பாற்றி விடலாம். காது கேட்கும் சோதனையும் அப்படியே.

‘பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழுது, இது இன்னும் குப்புற விழலையே’ என்று ஒப்பிட்டு வருந்தாதீர்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால், வயதிலும் இரண்டு மாதம் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தும் பின்தங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் ஆரம்பிக்கும் பயிற்சிக்கு நல்ல பலன் உண்டு.

பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு சில்லிட்டுப் போனாலோ, ஜுரம் அடித்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினாலோ தாமதிக்கக் கூடாது. 108க்குப் போன் செய்து விட்டு, வண்டி வரும் வரை பிள்ளையை மார்போடு சேர்த்து வைத்துக் கொள்ளுங்கள். வழியிலும் அப்படியே கொண்டு போங்கள். கம்பத்திலிருந்து க.விலக்கு வரை நீண்ட தூரம். அத்தனை தூரமும் சூடு குறையாமல் காப்பது உங்கள் உடம்புதான்.

அடுத்த முறை சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் போது, ‘தொடலாமா?’ என்று தயங்கிக் கேட்காதீர்கள். “டாக்டர், என் பிள்ளையை நான் எப்போதிலிருந்து மார்பில் வைத்துக் கொள்ளலாம்? எப்படித் தடவ வேண்டும்? சொல்லிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளை உங்களுடையது.